சாணி படாத கதவு

வில்மா ஆஸ்ட்ரண்டர் காரின் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடினாள்.

"என்ன பாஸ், எதையாவது மறந்துட்டீங்களா?" என்றான் ராண்டி.

"மூச்சு விட மறந்துட்டேன்."

பெட்டிக்ரூ கார்னர்ஸில் இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நான்கு பழைய கட்டடங்கள். ஒரு மூலையில் தேவாலயம். அதற்கு எதிர் மூலையில், அந்தக் காலத்துக் குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய சத்திரம். மற்ற இரண்டில் மளிகைக் கடையும் பள்ளிக்கூடமும். நான்குக்கும் வெள்ளைப் பெயின்ட். சாலையோரத்தில் 'பாரம்பரியப் பகுதி' என்று பொன்னெழுத்தில் ஒரு பலகை.

இன்று காலை நான்கின் முகத்திலும் மாட்டுச் சாணி வழிந்துகொண்டிருந்தது. மாடு புதிதாகப் போட்ட சாணியாக இருந்தாலாவது பரவாயில்லை. இது குளிர்காலம் முழுவதும் தொட்டியில் மூத்திரத்தோடும் கெட்டுப்போன பாலோடும் ஊறிப் புளித்த குழம்பு. ஏப்ரல் வெயில் அதன்மேல் இதமாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஈக்கள் குடும்பத்தோடு வந்திருந்தன.

ராண்டி லபாயின்ட் கையில் முட்டையும் பன்றிக்கறியும் வைத்த ரொட்டி. அதைக் கடித்துக்கொண்டே இறங்கினான்.

"இந்த நாத்தத்துல உனக்குத் தொண்டைக்குள்ள இறங்குதா?"

"நான் மாட்டுப் பண்ணையில பொறந்தவன் பாஸ். ரோஜாத் தோட்டத்துல உக்கார வெச்சாத்தான் எனக்குக் குமட்டும்."

சத்திரத்து வாசலிலிருந்து மிஸஸ் மிரியம் ஸ்டாடர்ட் வந்தார். எழுபது வயதிருக்கும். முத்துமாலை, சாம்பல் நிறக் கம்பளி கோட்டு, மூக்கில் லாவண்டர் தெளித்த கைக்குட்டை. பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவி. சத்திரம் இப்போது அவர் வீடு. துப்பறிவாளரான வில்மாவைக் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டவர் அவர்தான்.

"குற்றவாளியைப் போலீஸ் டெபுடி வ்ரூமன் பிடிச்சாச்சு. ஹார்லன் டெயோவோட பண்ணையில மாடு கறக்கிறவன். யூசேபியோவோ என்னவோ பேரு. அவனோட ரப்பர் பூட்ஸ் தேவாலயத்துக்குப் பின்னால கிடந்துச்சு, முழுக்கச் சாணி."

"பிடிச்சாச்சுன்னா நான் எதுக்கு?"

"இன்னிக்குச் சாயங்காலம் இங்கே தேவாலயத்துல ஊர்க் கூட்டம். டெயோவோட சாணித் தொட்டியை மூடச் சொல்லி ஓட்டெடுப்பு நடக்குது. நான் சொன்னா, சங்கத்துக்காரி பேசறான்னு சிலர் முகத்தைச் சுளிப்பாங்க. சங்கத்துல இல்லாத ஒருத்தர் பார்த்துட்டு, 'ஆமா, பண்ணையிலருந்துதான் வந்தது'ன்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும்."

"தொட்டியை மூடினா டெயோவால மாடு வளர்க்க முடியாதே?"

"அது அவரோட பிரச்சினை" என்றார் மிஸஸ் ஸ்டாடர்ட்.

வில்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு தேவாலயப் படியில் ஏறினாள். உயரமான இரட்டைக் கதவு. இடது கதவில் மேலிருந்து கீழ்வரை சாணி அப்பியிருந்தது. வலது கதவில் ஒரு சொட்டுகூட இல்லை. அதன் நடுவில் ஆழமான பழைய கோடாலி வெட்டு ஒன்று தெரிந்தது.

"இதுவாவது தப்பிச்சதே." மிஸஸ் ஸ்டாடர்ட் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த வெட்டை விரல் நுனியால் தடவினார். குரலே மாறிப்போனது. "இது தேவாலயம் கட்டின காலத்துக் கதவு. ஞாயித்துக்கிழமை மரம் வெட்டினான்னு சபையை விட்டு விலக்கின ஒருத்தன், கோவத்துல போட்ட வெட்டு இது. வர்றவங்க எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல காட்டுவேன்."

"இடது கதவு?"

"அது புதுசு. நம்ம தச்சர் நோலன் டைஸ் செஞ்சது."

வில்மா குனிந்தாள். சாணியில் தூரிகையின் இழுப்புகள் வரிவரியாகத் தெரிந்தன. இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில் அது கத்தியால் வெட்டியதுபோல் நேராக நின்றிருந்தது. கீழே கல்படியில் இடது பக்கமெல்லாம் தெறிப்பு. வலது பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தின் ஓரம் நெளிநெளியாக, துணியின் கரைபோல வளைந்து போயிற்று.

அதைப் பற்றி அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. "மத்த கட்டடங்களையும் பார்த்துடலாம்" என்றாள்.

மிஸஸ் ஸ்டாடர்ட் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகும் உற்சாகத்தோடு முன்னால் நடந்தார். கடையில் வலது பக்க ஜன்னல் கதவுகள் நாறின. அவை நோலன் செய்தவை. இடது பக்கத்தில் இருந்தவை அசல், அவை பளிச்சென்று இருந்தன. பள்ளிக்கூடத்தில் கதவு முழுக்கச் சாணி. கதவு புதியது. நிலை பழையது, அதில் ஒன்றுமில்லை. சத்திரத்தில் போன வருடம் மாற்றிய படிப்பலகைகள் மட்டும் பாழாகியிருந்தன.

காருக்குத் திரும்பியதும் ராண்டி விரலை நக்கிக்கொண்டான். "நம்ம ஆளு ரொம்ப மரியாதை தெரிஞ்சவன் பாஸ். பெரியவங்க மேல கையே வைக்கலை. சின்னப் பசங்களாப் பார்த்துப் பூசியிருக்கான்."

வில்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நானும் அதைத்தான் யோசிச்சேன். கோவத்துல வர்றவன் வாளியைத் தூக்கி வீசிட்டு ஓடுவான். இவன் தூரிகை வெச்சுப் பூசியிருக்கான். பழசு எது, புதுசு எதுன்னு தெரிஞ்சு பூசியிருக்கான்."

"மாடு கறக்க வந்தவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

"தெரியாது. வா, டெயோவைப் போய்ப் பார்க்கலாம்."

*

ஹார்லன் டெயோ வில்மாவின் அண்ணனோடு படித்தவர். பால் கறக்கும் கொட்டகையில் தனியாக, வேர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டிருந்தார். கறக்காத மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. வில்மாவைக் கண்டதும் அவர் முகம் இறுகியது.

"நீயும் அந்தம்மா பக்கமா வில்மா?"

"அந்தம்மா கூப்பிட்டாங்க, வந்தேன். யார் பக்கம்னு இன்னும் முடிவு பண்ணல. பூட்ஸ் விஷயம் என்ன?"

"போன வாரமே காணாமப் போச்சு. இந்தக் கொட்டகை வாசல்லதான் கழட்டி வைப்பார் யூசேபியோ. நான் புதுசு வாங்கிக் கொடுத்தேன். காலையில வ்ரூமன் பிடிச்சிட்டுப் போனப்போ அந்தப் புதுசுதான் கால்ல இருந்தது. 'ரெண்டு ஜோடி வெச்சுக்கிட்டான்'னுட்டார்."

"வாசல் வரைக்கும் யார் யார் வருவாங்க?"

"முட்டை வாங்க ஊரே வரும். சங்கத்துக்காரங்களும் வருவாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு, பெரிய முட்டையாப் பொறுக்கிட்டுப் போவாங்க." ஹார்லன் கையைத் துடைத்த துணியைத் தரையில் எறிந்தார். "அவரோட குடியேற்றப் பேப்பர் விசாரணைக்கு வர்ற நேரம் வில்மா. இந்த வழக்கு மட்டும் பதிவாச்சுன்னா அவ்வளவுதான். அவரோட ரெண்டு பொண்ணுங்களும் இந்த ஊர் ஸ்கூல்லதான் படிக்குது. அப்பா எங்கேன்னு இப்பத்தான் போன் பண்ணி அழுதுச்சுங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

வில்மா கொட்டகைக்குப் பின்னால் போய்த் தொட்டியைப் பார்த்தாள். சுற்றிலும் கம்பி வேலி, ஒரு மூலையில் பூட்டில்லாத கதவு. வாளியோடு வந்தால் யார் வேண்டுமானாலும் மொண்டுகொண்டு போகலாம். தொட்டியின் மேலே ஆடை படர்ந்து, குமிழிகள் உப்பி வெடித்துக்கொண்டிருந்தன. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஓங்கரித்தாள். எதுவும் வரவில்லை.

"நல்ல வேளை, நீங்க காலையில சாப்பிடலை" என்றான் ராண்டி. "பழசு புதுசு தெரிஞ்ச ஆளுன்னா, அந்தத் தச்சர் நோலன்தான் பாஸ். போன மாசம் சங்கத்துல அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. கடை ஜன்னலுக்கு இந்தக் காலத்துப் பெயின்ட் அடிச்சிட்டார்னு."

"ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?"

"வாயில ரொட்டி இருந்துச்சு."

*

நோலன் டைஸ் அறுபது வயதுக்காரர். தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து, புகைக்கும் பைப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வில்மா சுற்றி வளைக்கவில்லை.

"உங்களைத் துரத்தினாங்க. நீங்க செஞ்ச வேலை மேல மட்டும் சாணி விழுந்திருக்கு. 'என் வேலை உங்களுக்குச் சாணியா, அப்போ இந்தாங்க'ன்னு காட்டினீங்களோன்னு தோணுது."

நோலன் நிமிர்ந்தார். "நல்லாருக்கு. டெபுடிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு வந்தேன்."

"தேவாலயத்து வலது கதவுல பட்டிருக்கா?"

"இல்ல. அது அசல். பூசினவன் அதைப் பத்திரமா விட்டுட்டான்."

நோலன் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்து, ஓய்ந்தது. பிறகு அவர் முகம் சிறுத்துப்போனது. எழுந்துபோய்ப் பட்டறையின் மூலையில் சாய்த்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கடைசியில் போர்வையில் சுற்றிய ஒன்றை இழுத்து மேஜையில் போட்டார்.

பாதிக் கதவு. உளுத்து, பஞ்சுபோல உதிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஆழமான கோடாலி வெட்டு.

"இதான் அசல். ரிப்பேருக்குக் கழட்டினப்போ என் கையிலயே ரெண்டா ஒடிஞ்சிருச்சு. உள்ள முழுக்கக் கரையான். அந்தம்மாகிட்ட சொல்ல தைரியம் வரல. சொன்னா என் தோலை உரிச்சு அந்தக் கதவுல ஒட்டியிருப்பாங்க. பழைய களஞ்சியத்துப் பலகையை வாங்கி அச்சு அசலா அப்படியே செஞ்சு மாட்டிட்டேன்."

"கோடாலி வெட்டு?"

"அதுவும் நான்தான். என் கைக்கோடாலி. மூணு தடவை ஒத்திகை பார்த்துட்டுத்தான் போட்டேன்."

"அந்தம்மா அதைத்தான் காலையில தடவிக்கிட்டு நின்னாங்க!" என்றான் ராண்டி. "கண்ணுல தண்ணி வராத குறை."

வில்மா அந்த உளுத்த மரத்தைக் குனிந்து பார்த்தாள். ஒரு வெள்ளைப் புழு வெட்டிலிருந்து தலையை நீட்டி, வெளிச்சம் பிடிக்காமல் உள்ளே போயிற்று.

"புரியுதா ராண்டி? நோலன் பூசியிருந்தா வலது கதவை விட்டிருக்க மாட்டார். அது புதுசுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். பூசினவங்க, அது அசல்னு நம்பறவங்க. சும்மா நம்பறவங்க இல்ல. அது மேல உயிரையே வெச்சிருக்கிறவங்க."

ராண்டி முதல்முறையாக மூக்கைச் சுளித்தான். "அவங்களா? முத்துமாலை போட்டுக்கிட்டா?"

"கழட்டி வெச்சிருப்பாங்க. நோலன், இதை எனக்கு ஒரு மணி நேரம் கடன் கொடுங்க."

*

சத்திரத்தின் சாப்பாட்டு அறையில் லாவண்டர் வாசனை தலையை வலிக்கச் செய்தது. டெபுடி வ்ரூமன் கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வந்திருந்தார். மெல்லிய கால்கள் கொண்ட பழைய நாற்காலியில், அது உடைந்துவிடுமோ என்று பயந்து பாதிதான் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும்.

"வாங்க மிஸ் ஆஸ்ட்ரண்டர். ரெண்டு வார்த்தை தயாரா?"

"தயார். அதுக்கு முன்னால ஒரு வருத்தமான சேதி. தேவாலயத்து வலது கதவு போலி."

மிஸஸ் ஸ்டாடர்ட் புன்னகைத்தார். "உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. தப்பில்ல."

வில்மா ராண்டியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் போர்வை மூட்டையைக் கொண்டுவந்து வெள்ளை மேஜை விரிப்பின் மேல் வைத்துப் பிரித்தான். மரத்தூள் கொட்டியது. இரண்டு மூன்று பூச்சிகள் பிஸ்கட் தட்டை நோக்கி ஊர்ந்தன. வ்ரூமன் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"இதான் உங்க அசல். நோலன் கையில ஒடிஞ்சு போச்சு. அங்கே தொங்கறது அவர் செஞ்சது. வெட்டும் அவரே போட்டது."

மிஸஸ் ஸ்டாடர்ட் அந்தக் கோடாலி வெட்டைப் பார்த்தார். விரலால் தொட்டார். மரம் விரலோடு பொடியாக வந்தது. கழுத்திலிருந்து மேலாக முகம் சிவந்தது.

"களஞ்சியப் பலகையா? போயும் போயும் ஒரு களஞ்சியத்துப் பலகையைக் காப்பாத்தவா நான் எங்கம்மாவோட படுக்கை விரிப்பைப் போட்டு மூடி, ஒரு துளி தெறிக்காம..."

அவர் நிறுத்தினார். ஆனால் சொல்லியாகிவிட்டது.

வ்ரூமன் மெதுவாக எழுந்தார். நாற்காலி முனகியது.

"வலது கதவைத் துணி போட்டு மூடியிருந்தாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே மிஸஸ் ஸ்டாடர்ட்" என்றாள் வில்மா. "டெபுடிகிட்டகூட."

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார் வ்ரூமன்.

மிஸஸ் ஸ்டாடர்ட் அழுவார் என்று வில்மா எதிர்பார்த்தாள். அவர் அழவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஊர்ந்துவந்த பூச்சியை ஸ்பூனால் நசுக்கினார்.

"ஒவ்வொரு வசந்தத்துலயும் அந்த நாத்தம் என் ஜன்னல் வழியா வருது. வர்ற விருந்தாளிங்க கர்ச்சீப்பை எடுக்கறாங்க. எத்தனை மனு கொடுத்தேன்! யாராவது கேட்டீங்களா? கிட்டத்துல மோந்து பார்த்தாத்தான் உங்களுக்கெல்லாம் உறைக்கும். நான் ஒண்ணையும் கெடுக்கலை. எல்லாம் புதுப் பலகை, கழுவினாப் போயிரும்."

"பூட்ஸ்?"

"முட்டை வாங்கப் போனப்போ எடுத்துட்டு வந்தேன்."

"யூசேபியோ கழுவினாப் போயிருவாரா?"

மிஸஸ் ஸ்டாடர்ட் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். "அவனுக்கு என்ன? வேற ஊருக்குப் போய் வேற மாட்டைக் கறப்பான். இந்தச் சத்திரம் வேற ஊருக்குப் போக முடியுமா?"

வில்மாவுக்குக் காலையிலிருந்து வராத வாந்தி அப்போதுதான் வரும்போலிருந்தது. தொட்டியின் ஓரத்தில் நின்றபோதுகூட இப்படி இல்லை. அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். சாணி நாற்றம் உள்ளே வந்தது. லாவண்டருக்கு அது எவ்வளவோ தேவலாம்.

கீழ்த்தளத்தில் துவைக்கும் மிஷினுக்குள் அந்த விரிப்பு கிடந்தது. இரண்டு முறையாவது துவைத்திருப்பார். வ்ரூமன் அதைத் தூக்கி மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

யூசேபியோவைக் காவல் நிலையத்திலிருந்து கூட்டிவர வில்மாவே போனாள். ஹார்லனால் மாடுகளை விட்டு வர முடியவில்லை. வழக்கு பதிவாகவில்லை என்று வ்ரூமன் வாசல் வரை வந்து சொன்னார். "மன்னிச்சிருங்க" என்று சொல்ல வாயெடுத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

யூசேபியோ பின் சீட்டில் கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர். முதலில் தன் இரண்டு பெண்களோடும் போனில் பேசினார். பிறகு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல பாஸ்" என்றான் ராண்டி. "தானே பூசிட்டு, தானே எதுக்கு ஒரு துப்பறியும் ஆளைக் கூப்பிடணும்?"

"நாம கண்டுபிடிப்போம்னு அவங்க நினைக்கவே இல்ல. இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரப் பசங்கதானே, சொல்றதைக் கேட்டுட்டுத் தலையாட்டுவோம்னு நினைச்சாங்க."

நாற்சந்தியில் கூட்டத்துக்கு வந்தவர்கள் தேவாலயத்துக்கு வெளியே நின்றிருந்தார்கள். செய்தி அதற்குள் பரவியிருந்தது. வில்மா காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். அந்தக் குரல்களில் யூசேபியோவின் பெயர் ஒருமுறையாவது வரும் என்று எதிர்பார்த்தாள்.

"வலது கதவும் போலின்னு வெளிய தெரிஞ்சா 'பாரம்பரியப் பகுதி' பலகையைப் பிடுங்கிடுவாங்களா?"

"தெரிஞ்சாத்தானே. நாம ஏன் சொல்லணும்?"

"நோலனைக் கூப்பிட்டு வாயை மூடச் சொல்லுங்க."

சங்கத்தின் பொருளாளர், காதுவரை மப்ளர் சுற்றிய ஒரு மனிதர், காரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். பின் சீட்டைக் குனிந்து பார்த்து மலர்ந்தார்.

"ஓ, விட்டுட்டாங்களா? ரொம்ப நல்லது. அவர்கிட்ட ஒண்ணு கேளுங்களேன் மிஸ் ஆஸ்ட்ரண்டர். நாளைக் காலையில வந்து இந்தக் கதவுகளைக் கழுவித் தருவாரா? எங்களுக்கெல்லாம் கிட்டவே போக முடியல. அவருக்கு இந்த நாத்தம் பழக்கம்தானே."

வில்மா அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸஸ் ஸ்டாடர்ட் ஜாமீன்ல வரட்டும், அவங்களைக் கேளுங்க. தூரிகை பிடிக்க நல்லா வருது அவங்களுக்கு. எந்தப் பலகையில கை வைக்கணும், எதுல வைக்கக் கூடாதுன்னும் தெரியும்."

யூசேபியோ அதற்குள் கார் கதவைத் திறந்து இறங்கியிருந்தார். தேவாலயத்தை அவர் பார்க்கவே இல்லை. படியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி, வழிவிடுவதுபோல் ஒதுங்கினார்கள்.

"பண்ணை வாசல்லயே விடறேன், ஏறுங்க" என்றாள் வில்மா.

"வேண்டாம் மேடம். வயல் வழியாப் போனா சீக்கிரம். காலையிலருந்து பாதி மாடு கறக்கலை, மடி கட்டிக்கும். ஹார்லன் தனியா இருக்கார்."

வேலியைத் தாண்டி, ஈர வயலில் வேகமாக நடந்தார். புது பூட்ஸ் கால்களில் சேறு ஒட்டிக்கொண்டே போனது. பாதி தூரத்தில் நடை ஓட்டமாயிற்று.